லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி இருக்கிறதா?

20 வருடம் தோல் உறைக்குள் கிடந்த 50 மிமீ கேமரா லென்ஸின் உள்ளே சிலந்தி வலை மாதிரி ஏதோ படர்ந்திருக்கிறது, தூக்கிப் போடவா என்று கேட்டிருந்தீர்கள். போடாதீர்கள். அது பூஞ்சை. என் முதல் லென்ஸிலும் இதே கதைதான், ஓரத்திலிருந்து மெல்லிய வெள்ளை நூல்கள் நடுவை நோக்கிக் கிளை விட்டிருந்தன.

அப்பர்ச்சரை (லென்ஸுக்குள் வெளிச்சம் புகும் துளையை) முழுதாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஓரத்தில் கொஞ்சம்தான் என்றால் படத்தில் தெரியவே தெரியாது, வெளிச்சத்துக்கு எதிராக எடுக்கும்போது லேசாக வெளிறலாம், அவ்வளவுதான். நிறைய இருந்தால் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துக் கழற்றித் துடைக்கச் சொல்லுங்கள். ஆனால் பூஞ்சை விடும் அமிலம் கண்ணாடியின் மேல்பூச்சை அரித்திருந்தால் அந்தத் தடம் போகாது, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நீங்களே கழற்ற இறங்காதீர்கள். நான் இறங்கி, ஒரு பொடித் திருகாணியை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் அந்தத் தோல் உறை. பார்க்க ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் ஈரத்தைப் பிடித்து வைப்பதே அதுதான். காற்றுப் புகாத டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு, ஈரப்பதம் 40-50 சதவீதத்தில் நிற்கும்படி வையுங்கள். நிறம் மாறும் வகை ஜெல் வாங்கினால் எப்போது மாற்றுவது என்ற குழப்பமும் இல்லை.