12345678987654321 என்ற எண்ணில் அப்படி என்ன இருக்கிறது?

"12345678987654321 பகா எண்ணா? எந்தப் பக்கமிருந்து வாசித்தாலும் ஒன்றாக இருப்பதைத் தவிர வேறு சிறப்பு உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பகா எண் இல்லை. இலக்கங்களைக் கூட்டினால் 81 வருகிறது. ஆகவே 9ஆல் வகுபடும், அந்தக் கேள்வி அத்தோடு தீர்ந்தது. 81ஆலும் இது மீதியின்றி வகுபடும். ஆனால் அதை இலக்கக் கூட்டுத்தொகையை வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். அந்தச் சோதனை 3க்கும் 9க்கும்தான் செல்லுபடியாகும். காரணம் வேறு: இது 111111111இன் வர்க்கம். ஒன்பது ஒன்றுகள் கொண்ட அந்த எண் 9ஆல் வகுபடுவதால், அதன் வர்க்கம் 81ஆல் வகுபட்டே தீரும்.

வாட்ஸ்அப்பில் இதைப் பிரபஞ்ச ரகசியம் என்று அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு ரகசியமும் இல்லை. 111ஐ 111ஆல் தாளில் பெருக்கிப் பாருங்கள். ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக மூன்று 111, ஒவ்வொன்றும் ஓரிடம் இடப்பக்கம் தள்ளி. மேலிருந்து கீழாகக் கூட்டினால் 12321. ஒன்றுகள் கூடக்கூட வரிகளும் கூடும். ஒன்பது வரிகள் வரும்போது நடுவில் ஒன்பது ஒன்றுகள் சேர்ந்து 9 ஆகிறது. மீதியை அடுத்த இடத்துக்கு ஏற்றாமல் போகக்கூடிய கடைசி எல்லை அதுதான். பத்து ஒன்றுகளை வர்க்கப்படுத்தினால் நடுவில் பத்து சேர்கிறது, மீதி இடப்பக்கம் ஏறுகிறது, விடை 1234567900987654321. சமச்சீர் போயிற்று.

எனக்குப் பிடித்தது இதன் காரணிகள்தான். 111111111 = 111 × 1001001. ஆகவே நம் எண் 12321 × 1002003002001. மூன்றுமே இருபுறமும் ஒக்கும் எண்கள்! இன்னும் உடைத்தால் 111 என்பது 3 × 37. 1001001 என்பது 3 × 333667. இதில் 333667 பகா எண். எனவே முழு எண்ணில் 3 நான்கு முறையும், 37, 333667 ஆகியவை இரண்டிரண்டு முறையும் வருகின்றன. ஒவ்வொரு பகா எண்ணும் எத்தனை முறை வருகிறதோ அதோடு ஒன்று கூட்டிப் பெருக்கினால், இதை மீதியின்றி வகுக்கும் எண்களின், அதாவது வகுத்திகளின், எண்ணிக்கை கிடைக்கும்: 5 × 3 × 3 = 45. வர்க்க எண்களுக்கு அது எப்போதும் ஒற்றைப்படையில்தான் இருக்கும்.

கொசுறாக ஒன்று: இந்த எண்ணை அதன் இலக்கக் கூட்டுத்தொகையான 81ஆல் பெருக்கினால் 999999998000000001. அது 999999999இன் வர்க்கம். 111111111ஐ 9ஆல் பெருக்கி வர்க்கப்படுத்துகிறோம், அவ்வளவே.

ஒன்பதோடு நின்றுபோவது நாம் பத்தை அடிமானமாக வைத்து எண்ணுவதால்தான். கணினிக்காரர்கள் பயன்படுத்தும் 16 அடிமானத்தில் ஓர் இடத்தில் 15 வரை கொள்ளும் என்பதால், பதினைந்து ஒன்றுகள் வரை இந்தச் சமச்சீர் குலையாது; பதினாறாவது ஒன்றில்தான் மீதி ஏறும்.