லைப்போசக்‌ஷன் செய்தால் சர்க்கரை குறையுமா?

கேள்வி: உடல் பருமனும் சர்க்கரை நோயும் உள்ள ஒருவர், வயிற்றுக் கொழுப்பை லைப்போசக்‌ஷன் என்ற, குழாய் விட்டு உறிஞ்சும் அறுவை சிகிச்சையில் எடுத்துவிட்டால் சர்க்கரை, பிரஷர், கொலஸ்டிரால் எல்லாம் குறையுமா?

குறையும் என்றுதான் நானும் நம்பினேன். அப்போது என் பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு) 36. சர்க்கரைக்கு இரண்டு வேளையும் மாத்திரை. "ஒரு பத்துக் கிலோ குறைங்க, சர்க்கரை தானா இறங்கும்" என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் சொல்வார். நடந்து குறைத்தால் என்ன, குழாய் விட்டு உறிஞ்சினால் என்ன, பத்துக் கிலோ பத்துக் கிலோதானே என்று நினைத்து ஒரு பிளாஸ்டிக் சர்ஜனிடம் போனேன். நல்ல மனிதர். "பேன்ட் சைஸ் மாறும் சார், மாத்திரை மாறாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். இதையே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் க்ளைன் குழு செய்து, 2004-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வு. பருமனான 15 பெண்கள். அவர்களில் 7 பேருக்கு டைப் 2 சர்க்கரை நோய். வயிற்றுத் தோலுக்கு அடியிலிருந்து உறிஞ்சியதில் ஒவ்வொருவருக்கும் சராசரியாக 9 முதல் 10 கிலோ கொழுப்பு போனது. சாதாரண அளவே இல்லை, உடலில் இருந்த மொத்தக் கொழுப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. பத்துப் பன்னிரண்டு வாரம் கழித்து அளந்தால் இன்சுலின் வேலை செய்யும் விதம் தசையிலும் மாறவில்லை, கல்லீரலிலும் மாறவில்லை. பிரஷர், சர்க்கரை, கொலஸ்டிரால், அழற்சிக் குறியீடுகள் எல்லாம் இருந்த இடத்திலேயே.

சரி, அவ்வளவு சீக்கிரம் தெரியாதோ என்று எனக்கும் தோன்றியது. அதே குழு 7 பெண்களை நான்கு வருடம் வரை பின்தொடர்ந்து 2008-ல் எழுதியது. கதை அதேதான். ஆட்கள் குறைவு என்பது உண்மை. வேறு சில சிறிய ஆய்வுகளில் கொஞ்சம் பலன் தெரிந்ததாகவும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் க்ளைன் குழு இன்சுலினை நரம்பில் ஏற்றி, உடல் அதற்கு எப்படி இணங்குகிறது என்று நேரடியாகவே அளந்தது. அதனால் நான் அதைத்தான் நம்புகிறேன்.

ஏன் இப்படி? வீட்டில் பரண் நிறைந்து, சாமான் கூடத்துக்கும் அடுப்படிக்கும் வந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்புதான் பரண். தொல்லை தருவது அங்கே இடம் போதாமல் கல்லீரலுக்கும் தசைக்கும் போய்ச் சேர்ந்த கொழுப்பு. லைப்போசக்‌ஷன் பரணில் ஒரு பகுதியைச் சாமானோடு சேர்த்து இடித்துத் தள்ளுகிறது. கூடத்தில் கிடப்பது அப்படியே கிடக்கும். மிச்சமுள்ள கொழுப்புச் செல்களும் உப்பியபடியேதான் இருக்கும். சாப்பாட்டைக் குறைத்து, நடந்து எடை குறையும்போது உடல் எல்லா இடத்திலிருந்தும் எடுத்துச் செலவழிக்கிறது. கல்லீரல் கொழுப்பு முதலிலேயே கரையத் தொடங்கும். செல்லின் எண்ணிக்கை குறையாது, அளவு சுருங்கும். பரணே இல்லாமல் பிறக்கிறவர்களும் உண்டு. லிப்போடிஸ்ட்ரோஃபி என்ற அரிய நோய். பார்க்க ஒல்லி, ஆனால் கடுமையான சர்க்கரை நோயும் கொழுப்புக் கல்லீரலும் வரும்.

அப்படியானால் உள்ளே, குடலைச் சுற்றி இருக்கும் கொழுப்பை எடுத்தால்? அதையும் விட்டுவைக்கவில்லை. எடை குறைக்க இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைக்கும் இரைப்பை பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 22 பேரில் சிலருக்கு மட்டும் குடலுக்கு முன்னால் திரை போலத் தொங்கும் கொழுப்பையும் சேர்த்து எடுத்துப் பார்த்தார்கள். எடுக்காதவர்களைவிட அவர்களுக்குக் கூடுதலாக எந்தப் பலனும் இல்லை என்று 2010-ல் முடிவு வந்தது. பைபாஸில் சர்க்கரை இறங்குகிறதே என்பீர்கள். அது வேறு வழி. உள்ளே போகும் உணவு குறைகிறது, குடல் ஹார்மோன்கள் மாறுகின்றன. பலருக்குப் பெரிதாக எடை குறையும் முன்பே, சில நாளிலேயே சர்க்கரை இறங்கிவிடும். பைபாஸையும் லைப்போசக்‌ஷனையும் ஒன்று என்று நினைத்துக் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

இன்னொன்று படித்தபோதுதான் எனக்குத் திக்கென்றது. பிரேசிலில் பருமன் இல்லாத 36 பெண்களுக்கு வயிற்றில் லைப்போசக்‌ஷன் செய்தார்கள். அதன்பின் உடற்பயிற்சி செய்யாதவர்களுக்கு ஆறு மாதத்தில் உள்ளுறுப்புக் கொழுப்பு சுமார் 10% கூடியிருந்தது. பயிற்சி செய்தவர்களுக்குக் கூடவில்லை. அதாவது, எந்த உடற்பயிற்சிக்குப் பயந்து நான் அந்த சர்ஜனிடம் ஓடினேனோ, அதை எப்படியும் செய்துதான் ஆக வேண்டும்.

அப்புறம் நான் அதைச் செய்துகொள்ளவில்லை. பதினான்கு மாதத்தில் 8 கிலோ குறைந்தது, முக்கி முனகித்தான். மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) 8.1 சதவீதத்திலிருந்து 6.9-க்கு வந்தது, ஒரு வேளை மாத்திரையை டாக்டரே நிறுத்தினார். வயிறு மட்டும் இன்னும் கொஞ்சம் தொங்குகிறது. அதற்காக ஒருநாள் அந்த சர்ஜனிடம் திரும்பப் போனாலும் போவேன். பேன்ட் சைஸுக்காகத்தான்.