பொருள் குவிந்த வீடும் தீ அபாயமும்: கேள்வி பதில்

லண்டனில் தனித்து வாழும் முதியோரின் வீடுகளுக்குச் சென்று தீத்தடுப்பு ஆலோசனை கூறிவருபவன் என்ற முறையில், வந்த கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

கேள்வி: ஹாரோவில் தனியே வசிக்கும் என் அம்மாவின் வீடெங்கும் பழைய நாளிதழ்களும் துணிகளும் மலைபோல் கிடக்கின்றன. அவர் கோயிலுக்குப் போகும் நாளில் எல்லாவற்றையும் அகற்றிவிடலாமா, ஐயா?

பதில்: வேண்டாம், அம்மா. இதைச் சோம்பல் என்று எண்ணிவிடாதீர்கள்; அளவுகடந்து பொருள் சேர்ப்பதை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் தனியொரு கோளாறாகவே வகைப்படுத்தியது. கேட்காமல் அகற்றினால் அவர் நொந்துபோவார், வீடு மீண்டும் நிரம்பும், அடுத்த முறை உங்களுக்கே கதவு திறக்காது. வீட்டைக் காலியாக்குவதை விட்டுவிட்டு, அவர் உயிரோடு வெளியேற வழி உண்டாக்குவதில் தொடங்குங்கள். படுக்கையிலிருந்து வாசல்வரை இருளிலும் தடுமாறாமல் நடக்க இடம் வேண்டும். அடுப்பின்மேலும் அதன் அருகிலும் தாளோ துணியோ இருக்கக்கூடாது. ஹீட்டரைச் சுற்றி ஒரு மீட்டராவது வெறுமையாக இருக்கட்டும். சாமி விளக்கை நாளிதழ்க் கட்டுகளுக்கு நடுவே ஏற்றும் வீடுகளை நான் கண்டிருக்கிறேன். விளக்கை நிறுத்தச் சொன்னால் எந்தத் தாயும் கேட்கமாட்டார். இடத்தை மாற்றச் சொன்னால் பெரும்பாலும் கேட்பார்.

கேள்வி: இத்தகைய வீடுகளில் ஆபத்து உண்மையிலேயே அதிகமா?

பதில்: ஆம். மெல்போர்ன் தீயணைப்புத் துறையின் பத்தாண்டுத் தரவுகளை ஆராய்ந்து 2009-இல் வெளியான ஆய்வு, தவிர்த்திருக்கக்கூடிய தீவிபத்து மரணங்களில் 24 விழுக்காடு பொருள் குவிந்த வீடுகளில் நேர்ந்தவை என்று கண்டது. எரியக்கூடிய பொருள்கள் மிகுதி, வெளியேறும் வழி குறைவு, வீரர்கள் உள்ளே நுழைவதும் கடினம்.

கேள்வி: தீயணைப்புச் சேவையை வீட்டுக்கு அழைத்தால் அப்பாவை வெளியேற்றிவிடுவார்களோ என்று அஞ்சுகிறோம். அவருக்குக் காதும் சரியாகக் கேட்காது.

பதில்: வீட்டுத் தீப்பாதுகாப்பு வருகை இலவசம், ஆலோசனை சொல்வதும், தேவைப்படும் இடத்தில் புகை எச்சரிக்கைக் கருவி பொருத்துவதுமே அதன் நோக்கம், வெளியேற்றுவதன்று. ஆயினும் நிலைமை மோசமாக இருந்தால் உள்ளூராட்சியின் சமூக நலப் பிரிவுக்குத் தெரிவிக்கக்கூடும் என்பதை நான் மறைக்கமாட்டேன். 2014-ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டத்துக்கான வழிகாட்டுதல், பொருள் குவிப்பைத் தன்னைத்தானே கவனியாமை என்பதில் சேர்த்துக்கொள்வதால், அங்கிருந்து உதவி கோரவும் வழியுண்டு. குவியலின் அளவைக் கணிக்க ஒன்பது படங்கள் கொண்ட ஒப்பீட்டுத் தாள் ஒன்றைப் பலர் பயன்படுத்துகிறார்கள். தொலைபேசியில் “கொஞ்சம் சாமான்” என்று மழுப்புவதைவிட, படத்தைச் சுட்டிக் காட்டுவது எளிது. காது கேளாதவர்களுக்கென ஒளிரும் விளக்கும் தலையணைக்கடியில் அதிரும் தட்டும் கொண்ட கருவிகள் உள்ளன, கேட்டுப் பெறுங்கள்.

கேள்வி: தீப்பிடித்தே விட்டால்?

பதில்: எதையும் எடுக்க நிற்காமல், கதவை மூடிக்கொண்டு வெளியேறி 999-ஐ அழையுங்கள். வீடு பொருள்களால் நிறைந்துள்ளது என்பதையும், உள்ளே யாரேனும் இருந்தால் எந்த அறையில் என்பதையும் அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள்.