வெள்ளம் வடிந்த வீடு: எதைக் கழுவுவது, எதைக் கழிப்பது?

"வேளச்சேரியில் தரைத்தளத்தில் குடியிருக்கிறோம். ஒன்றரை நாள் முழங்கால் அளவு தண்ணீர் நின்று, நேற்றுதான் வடிந்தது. மெத்தை, அரிசி மூட்டை, இன்வெர்ட்டர், சர்க்கரை நோயுள்ள மாமனாரின் இன்சுலின் ஊசிகள் இருந்த மருந்துப் பெட்டி எல்லாம் நனைந்துவிட்டன. சாக்கடை வாடை தாங்கவில்லை. ஆசிட் ஊற்றிக் கழுவலாமா? குப்பை வண்டி எப்போது வரும் என்று தெரியவில்லை. நனைந்ததையெல்லாம் மொட்டைமாடியில் போட்டுக் கொளுத்திவிடலாமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

இரண்டுமே வேண்டாம், சகோதரி. ஃபோம் மெத்தையும் பிளாஸ்டிக்கும் எரியும் புகை நச்சு. குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதைத் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் தடை செய்திருக்கின்றன. ஆசிட் இன்னும் மோசம். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் கழிவறை ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். சின்ன பாத்ரூமுக்குள் அது மூச்சையே அடைத்துவிடும்.

தரையில் ஈரம் இருக்கும்வரை மெயின் சுவிட்சைப் போடாதீர்கள். நனைந்த ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எதையும் எலக்ட்ரீஷியன் பார்க்காமல் 'ஓடுகிறதா' என்று போட்டுப் பார்க்கவும் வேண்டாம். கேஸ் வாடை வந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே போய் 1906-க்குப் பேசுங்கள். எதையும் தூக்கிப் போடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். நிவாரணமோ இன்சூரன்ஸோ கேட்கும்போது அது உதவும்.

இப்போது குப்பை. எல்லாவற்றையும் வாரி வாசலில் ஒரே குவியலாகப் போடத்தான் கை போகும், அந்த நேரத்து அலுப்பு அப்படி. ஆனால் அந்தக் குவியலை அள்ளப் போவது ஒரு மனிதர். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு நான் பார்த்த ஒரு காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. தூய்மைப் பணியாளர் ஒருவர் நனைந்த தலையணையைத் தூக்கினார். அதற்குள் சிக்கியிருந்த இன்சுலின் ஊசி ஒன்று கையுறையையும் தாண்டி அவர் கட்டைவிரலில் ஏறிவிட்டது. அது யார் வீட்டு ஊசி என்று அவருக்கும் தெரியாது, பார்த்த டாக்டருக்கும் தெரியாது. ஆகவே முதலில் ஆபத்தானதைத் தனியே எடுங்கள்.

மாமனாரின் ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு, மூடியை இறுக்கி, மேலே 'ஊசி' என்று எழுதுங்கள். நனைந்த மாத்திரைகளை எடுத்துவைத்துக் கொடுக்காதீர்கள், டாய்லெட்டிலும் கொட்டாதீர்கள். அவை தனிக் கவரில் போகட்டும். டியூப்லைட், பெயின்ட் டப்பா, கரப்பான் மருந்து எல்லாம் இன்னொரு பையில். உடைந்த டியூப்லைட்டில் பாதரசம் இருக்கும், வெறும் கையால் அள்ளக்கூடாது. இன்வெர்ட்டர் பேட்டரியைச் சாய்க்காமல் நிமிர்த்தியபடியே பிளாஸ்டிக் தொட்டியில் வையுங்கள். உள்ளே இருப்பது கந்தக அமிலம். அது கசிந்த இடத்திலும் பிளீச்சிங் படக்கூடாது. பேட்டரிக் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்வார்.

நனைந்த அரிசி, பருப்பு, மாவைக் கழுவிக் காயவைத்துச் சமைக்கலாம் என்று எண்ண வேண்டாம். அது சாக்கடை கலந்த தண்ணீர். திருகுமூடி போட்ட ஊறுகாய் பாட்டில் முழுகியிருந்தாலும் கழித்துவிடுங்கள். மனசு கேட்காமல் அரிசியைத் தெருமாட்டுக்குக் கொட்டுகிறவர்கள் உண்டு. தானியத்தை ஒரேயடியாகத் தின்றால் மாட்டின் இரைப்பையில் அமிலம் ஏறும், உயிரே போகலாம். மக்கும் குப்பையோடு கட்டி வையுங்கள்.

மெத்தை, தலையணை, ஊறி உப்பிய பிளைவுட் அலமாரி தேறாது. ஒன்றிரண்டு நாளில் பூஞ்சை பிடித்துவிடும். எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான், ஸ்டீல் பீரோ எல்லாம் தேறும். துணிகளை வெந்நீரில் சோப்புப் போட்டுத் துவைத்து நல்ல வெயிலில் காயப்போட்டால் போதும்.

கழிக்கிற பெரிய சாமான்களை மழைநீர் வடிகால் வாயை அடைக்காமல், சுவரோரமாக வைத்துவிட்டு 1913-ல் மாநகராட்சிக்குச் சொல்லுங்கள். உங்கள் பகுதித் தண்ணீர் பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்குப் போய்ச் சேர வேண்டியது. வடிகாலில் ஒரு தலையணை சிக்கினால் அடுத்த மழைக்குத் தண்ணீர் திரும்ப உங்கள் கூடத்துக்குத்தான் வரும்.

கழுவும்போது சேற்றை முதலில் வழித்தெடுத்து, சோப்புத் தண்ணீரால் தேய்த்துவிடுங்கள். சேற்றின் மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவுவது வீண். மருந்தின் வீரியத்தைச் சேறே தின்றுவிடும். சுத்தமான தரைக்கு, லிட்டருக்கு 15 கிராம் கணக்கில் பிளாஸ்டிக் பக்கெட்டில் கரைத்து, அரை மணி நேரம் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் ஊற்றித் துடையுங்கள். கால்மணி நேரம் ஊறியபின் நல்ல தண்ணீரால் அலசுங்கள். ஜன்னல்கள் திறந்தே இருக்கட்டும். ரப்பர் கையுறை, பூட்ஸ் இல்லாமல் இறங்காதீர்கள். சம்புக்குள்ளும் யாரும் தனியாக இறங்க வேண்டாம். மூடிக்கிடந்த சம்பில் விஷவாயு இருக்கலாம், பிராணவாயு குறைந்தும் இருக்கலாம்.

மாமனாருக்குச் சர்க்கரை இருப்பதால் அவரை இந்த வேலையில் சேர்க்காதீர்கள், காலில் சின்னப் புண் இருந்தாலும் ஆபத்து. எலிச் சிறுநீர் கலந்த தண்ணீர் மூலம் எலிக்காய்ச்சல் வரும்; பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில், சிலருக்கு ஒரு மாதம் கழித்தும் தலைகாட்டும். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு இருக்காமல் டாக்டரிடம் போங்கள். வெள்ளத் தண்ணீரில் நின்றதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.