த்ராட்டில் ஒயரை எலி கடித்தால் எந்த ஒயர் போடுவது?

கேள்வி: எங்கள் பெட்ரோல் கார் ஐந்து வருடப் பழசு. மழைக்கு பானெட்டுக்குள் ஒதுங்கிய எலி, த்ராட்டில் பாடிக்குப் (எஞ்சினுக்குள் போகும் காற்றை ஒரு தகடால் கட்டுப்படுத்தும் பாகம்) போகும் ஒயர்களைக் கப்ளரிலிருந்து (ஒயர் முனையில் இருக்கும் பிளக்) ஒரு சாண் தள்ளிக் கடித்து வைத்திருக்கிறது. எஞ்சின் லைட் எரிகிறது, ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் பிக்கப் இல்லை. ஸ்கேனரில் பி2135 என்ற பிழைக் குறியீடு வந்தது. சர்வீஸ் சென்டரில் முழு ஒயரிங் கிட்டையும் மாற்றச் சொல்கிறார்கள். தெரிந்த எலெக்ட்ரீஷியனோ, வீட்டு வேலைக்கு வாங்கிய 1 ஸ்கொயர் (1 சதுர மி.மீ.) ஒயரை வைத்துச் சேர்த்துத் தருகிறேன், கம்பெனி ஒயரைவிடத் தடிமன்தானே என்கிறார். நம்பிப் போடலாமா?

பதில்: வீட்டு ஒயர் வேண்டாம். கடிபட்டது அந்த ஒரு இடம் மட்டும்தான் என்றால் முழு கிட்டும் வேண்டாம். கிட்டை மாற்றச் சொல்வதற்கு முன் சுற்றியிருக்கும் நெளிகுழாயைப் பிரித்து, எஞ்சின் கம்ப்யூட்டர் வரை கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். எலி ஒரே இடத்தில் நிறுத்துவது அபூர்வம்.

உங்கள் எலெக்ட்ரீஷியன் தடிமனைப் பற்றிக் கவலைப்படுகிறார். இங்கே தடிமன் பிரச்சினையே இல்லை. த்ராட்டில் பாடிக்குப் பெரும்பாலும் ஆறு ஒயர் போகும். இரண்டு மோட்டாருக்கு. மற்ற நான்கில் ஒன்று 5 வோல்ட் சப்ளை, ஒன்று எர்த், மீதி இரண்டு சென்சார் சிக்னல். த்ராட்டில் தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை இரண்டு சென்சார்கள் தனித்தனியாகச் சொல்லும். பல கார்களில் ஒன்று ஏற ஏற மற்றொன்று இறங்கும், இரண்டையும் கூட்டினால் எப்போதும் 5 வோல்ட்டை ஒட்டி வரும். கணக்கு இடித்தால் கம்ப்யூட்டர் இரண்டையுமே நம்பாது. பி2135 என்பது அந்தச் சந்தேகம்தான். உடனே மோட்டாருக்குப் போகும் கரண்டை நிறுத்திவிடும். ஸ்பிரிங் தகடைக் கொஞ்சமே திறந்த நிலையில் பிடித்துக்கொள்ளும். நீங்கள் சொல்லும் பிக்கப் இல்லாமை அதனால் வருவது. வண்டி உங்களைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்கிறது.

சென்சார் ஒயரில் ஓடுவது சில மில்லிஆம்பியர். 0.5 ஸ்கொயர் செம்பு ஒயரின் தடை மீட்டருக்குச் சுமார் 0.037 ஓம். மூன்று மீட்டரில் 10 மில்லிஆம்பியர் ஓடினாலும் இழப்பு ஒரு மில்லிவோல்ட்தான். 1 ஸ்கொயர் போட்டு அதைப் பாதியாக்கி யாருக்கு என்ன லாபம்? அதே ஒயரை வெறுங்கையால் முறுக்கி டேப் சுற்றி, அதில் பச்சை பூத்து 10 ஓம் தடை வந்தால் 0.1 வோல்ட் காணாமல் போகும். அதுவும் இரண்டு சென்சாருக்கும் பொதுவான எர்த்தில் வந்தால் இரண்டு சிக்னலும் ஒன்றாக உயரும், கூட்டுத்தொகை தப்பும், லைட் திரும்ப எரியலாம். சேர்க்கும் இடத்தில்தான் கவனம் வேண்டும்.

மோட்டார் ஒயர் மட்டும் கொஞ்சம் வேறு. சாதாரணமாக ஓரிரு ஆம்பியர், சடாரென்று மிதிக்கும்போதும் தகடு சிக்கும்போதும் கணநேரத்துக்கு அதைவிடப் பல மடங்கு இழுக்கும். அங்கே 0.75 ஸ்கொயர் போதும். ஜப்பான் கணக்கில் வரும் கார்களில் 0.85 இருக்கும். சென்சாருக்கு 0.5. பழைய ஒயர் என்ன அளவோ அதையே போடுவதுதான் நல்லது. அதைவிட மெல்லிசு மட்டும் வேண்டாம்.

வீட்டு ஒயர் ஏன் கூடாது? முதல் காரணம் சூடு. ஐ.எஸ். 694 என்ற இந்தியத் தரத்தில் வரும் சாதாரண பி.வி.சி. வீட்டு ஒயர் 70 டிகிரிக்கு எழுதப்பட்டது. எஞ்சின் கூலன்ட்டே 90 டிகிரிக்கு மேல் ஓடுகிறது. வண்டியை அணைத்ததும் ஃபேன் நின்று காற்றோட்டம் போய்விட, பானெட்டுக்குள் சூடு இன்னும் ஏறும். அந்த பி.வி.சி. நாளடைவில் இறுகி வெடிக்கும்.

இரண்டாவது, இழை. கடையில் கிடைக்கும் 1 ஸ்கொயர் வீட்டு ஒயரில் பொதுவாக 0.3 மி.மீ. இழை 14 இருக்கும். அதே அளவு கார் ஒயரில் 0.21 மி.மீ. இழை 32. எஞ்சின் ஆடும்போது கூடவே ஆட வேண்டியது இந்த ஒயர். தடித்த இழை லக்கின் (ஒயர் முனையில் அழுத்திப் பிடிக்கும் உலோகத் துண்டு) கழுத்தில் ஒவ்வொன்றாக முறியும், வெளியே தோல் முழுசாக இருப்பதால் கண்ணுக்கே தெரியாது.

மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை. கப்ளருக்குள் ஒவ்வொரு ஒயரையும் இறுக்கிப் பிடிக்கும் சின்ன ரப்பர் சீல் இருக்கும். 0.5 ஸ்கொயர் கார் ஒயரின் மொத்தக் குறுக்களவே 1.6 மி.மீ.க்குள்தான். தடித்த தோல் கொண்ட வீட்டு ஒயர் அதற்குள் நுழையாது. சீலைக் கிழித்துத் திணித்தால் அடுத்த வாட்டர் வாஷில் தண்ணீர் உள்ளே.

வாங்க வேண்டியது ஆட்டோ எலெக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் மெல்லிய தோல் கார் ஒயர். மேலே அச்சடித்திருப்பதைப் படித்து வாங்குங்கள். எஃப்.எல்.ஆர்.ஒய்-பி என்றிருந்தால் ஜெர்மன் வகை பி.வி.சி., 105 டிகிரி தாங்கும். எஃப்.எல்.ஆர்.2எக்ஸ் அல்லது அமெரிக்கக் கணக்கில் டி.எக்ஸ்.எல்., ஜி.எக்ஸ்.எல். என்றால் குறுக்குப்பிணைப்பு பாலிஎத்திலீன், 125 டிகிரி. ஜப்பான் வகையில் ஏ.வி.எஸ்.எஸ். 80 டிகிரிதான், டேஷ்போர்டுக்குள் சரி. எஞ்சின் பக்கம் ஏ.இ.எக்ஸ். கேளுங்கள். அதற்கு 120. த்ராட்டிலுக்கு நான் 125 டிகிரி ரகத்தைத்தான் சொல்வேன். மொத்தமே சில மீட்டர், விலை வித்தியாசம் பெரிதாக இருக்காது. அச்சே இல்லாத ஒயரையும் ஸ்பீக்கர் ஒயரையும் தொடாதீர்கள். சந்தேகம் வந்தால் பிளேடால் இழையைச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால், தகரப் பூச்சு இல்லாத பட்சத்தில், அது செம்பு பூசிய அலுமினியம்.

சென்னை புதுப்பேட்டை மாதிரி பழைய கார் பாகம் விற்கும் இடத்தில் அதே மாடலின் கப்ளரை ஒயரோடு வெட்டித் தருவார்கள். ஒயர் வளைத்தால் வெடிக்காமல், கப்ளருக்குள் இருக்கும் உலோகப் பின் கறுக்காமல் இருந்தால் வாங்கலாம். உங்கள் கப்ளர் நன்றாக இருக்கும்போது அதைத் தேட வேண்டியதில்லை. கப்ளருக்குள் இருக்கும் பின்னையே மாற்ற நேர்ந்தால், பழையது தங்கப் பூச்சு என்றால் புதிதும் தங்கப் பூச்சாக இருக்கட்டும். தங்கத்தோடு தகரம் உரசினால் துரு மாதிரி படலம் கட்டி, சென்சாரின் சின்னக் கரண்டைத் தடுக்கும்.

வேலையைத் தொடங்குமுன் பேட்டரி மைனஸைக் கழற்றச் சொல்லுங்கள். சேர்ப்பதற்கு சரியான அளவு கிரிம்ப் ஸ்லீவ் (ஒயர்களை உள்ளே விட்டு அழுத்திச் சேர்க்கும் உலோகக் குழல்), மேலே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கி இறுகும் குழாய்). சால்டர் வைத்தால் ஈயம் இழைக்குள் ஏறி அந்த இடம் குச்சியாகும், ஆட்டத்தில் அதன் ஓரத்தில் ஒடியும். வைத்தே தீருவேன் என்றால் இருபுறமும் ஆடாமல் கட்ட வேண்டும். ஆறு ஜாயின்ட்டும் ஒரே இடத்தில் வராமல் ஒன்றுக்கொன்று இரண்டு விரற்கடை தள்ளி வரட்டும். ஒவ்வொரு ஒயரும் ஒவ்வொரு நிறம். ஒரே சிவப்புச் சுருளில் ஆறையும் போட்டு, மோட்டார் ஒயரை மாற்றிக் கொடுத்தால் தகடு எதிர்ப்பக்கம் ஓடும். பழைய மோட்டார் ஒயர்கள் ஒன்றோடொன்று முறுக்கியிருந்தால் புதியதையும் அப்படியே முறுக்குங்கள். சென்சார் ஒயர் இக்னிஷன் காயிலை ஒட்டிப் போகக் கூடாது.

முடிந்ததும் பிழைக் குறியீட்டை அழித்து, சில கார்களுக்கு ஸ்கேனரில் த்ராட்டில் ரீலேர்ன் (தகடின் நிலையைக் கம்ப்யூட்டருக்குத் திரும்பக் கற்றுத்தருவது) செய்ய வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஸ்கேனரில் இரண்டு சென்சார் அளவையும் பார்த்துக்கொண்டே ஒருவர் ஆக்சிலேட்டரை மெதுவாக மிதிக்க, இன்னொருவர் ஒயர்க் கட்டை ஆட்டிப் பார்க்கட்டும். இரண்டும் குதிக்காமல் நகர வேண்டும். சாவி போட்டிருக்கும்போது த்ராட்டில் தகடுக்குள் விரலை விடாதீர்கள். இதே சோதனையை ரேடியேட்டர் ஃபேன் ஒருமுறை ஓடி நின்ற பிறகு, எஞ்சின் நன்றாகச் சூடேறிய நிலையிலும் செய்துவிட்டுப் பணம் கொடுங்கள். அரைகுறையாக அழுத்திய கிரிம்ப் குளிரில் வேலை செய்யும், சூட்டில்தான் பல்லைக் காட்டும்.