பங்குக் கிணறும் பக்கத்து போரும்

கேள்வி: தாத்தா காலத்துக் கிணற்றில் எனக்கும் பெரியப்பா மகனுக்கும் சரிபாதிப் பங்கு உண்டு. சென்ற கோடையில் அண்ணன், கிணற்றிலிருந்து 60 அடி தள்ளித் தன் பாகத்தில் 700 அடிக்கு போர் போட்டார். முன்பு நான்கு மணி நேரம் ஓடிய என் மோட்டார் இப்போது அரை மணியில் காற்று வாங்குகிறது, மாந்தோப்பு காய்கிறது. வழக்குப் போடலாமா, அல்லது நானும் 1000 அடிக்கு இறக்கிவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: இரண்டுக்கும் முன்னால் பாகப்பிரிவினைப் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். "மேற்படி கிணற்றில் பாதி பாத்தியமும், வாரத்தில் மூன்றரை நாள் முறைத் தண்ணீரும், மாமூல் வாய்க்கால், வண்டித்தட பாத்தியமும்" என்பது போன்ற ஒரு வரி அதில் இருக்கும். அந்த வரி உங்களுக்குக் கிணற்றில் பங்கு தருகிறதே தவிர, பாறைக்கு அடியில் கசியும் நீரில் பங்கு தருவதில்லை. 1882ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டத்தின் (பிறர் நிலத்தின்மீதான அனுபவ உரிமைகள் பற்றிய சட்டம்) 7ஆம் பிரிவு, வரையறுத்த தடத்தில் ஓடாத நிலத்தடி நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளும் உரிமையை நிலத்தின் சொந்தக்காரருக்கே விட்டிருக்கிறது. அத்தகைய நீரின்மீது எத்தனை ஆண்டு அனுபவித்தாலும் அனுபோக பாத்தியம் கோர முடியாது என்கிறது அதன் 17ஆம் பிரிவு. தமிழக அரசு 2003இல் நிலத்தடி நீருக்கென்று தனிச் சட்டம் இயற்றியது. அது நடைமுறைக்கு வராமலே 2013இல் நீக்கப்பட்டது. ஆகவே, அண்ணனின் சொந்தப் பாகத்தில் உள்ள போரை எதிர்த்துத் தொடுக்கும் வழக்கில் உங்கள் பக்கம் பலம் குறைவு.

ஆனால் அந்த இடம் உண்மையிலேயே அவருடைய சொந்தப் பாகமா என்பதைச் சர்வேயரை வைத்து அளந்து பாருங்கள். கிணற்றோடு சுற்றிலும் சில சென்ட் நிலத்தைப் பிரிக்காமல் பொதுவில் விடுவது நம் பக்கத்து வழக்கம். போர் அந்தப் பொது நிலத்தில் இருந்தாலோ, உங்கள் முறை நாளில் அவர் கிணற்றில் மோட்டார் ஓட்டினாலோ, பேச்சே வேறு. இதே காரணத்தால் நீங்களும் அவர் சம்மதமின்றிக் கிணற்றுக்குள் துளை போட்டுவிடாதீர்கள். அதில் வரும் நீர் யாருடையது என்று புது வழக்கு முளைக்கும்.

அடுத்து, ஊற்று குறைந்ததற்கு அந்த போர்தான் காரணமா? நம் மண்ணுக்கடியில் இருப்பது கெட்டிப் பாறை; மேலே சிதைந்த பாறைப் படிவத்திலும் கீழே வெடிப்புகளிலும் மட்டுமே நீர் நிற்கும். வெடிப்புகள் தொடர்புபட்டிருந்தால் 300 அடி தள்ளியுள்ள போரும் கிணற்றை இழுக்கும்; தொடர்பில்லையென்றால் 60 அடியிலும் ஒன்றும் ஆகாது. ஓர் இரவு இரண்டு மோட்டார்களையும் நிறுத்திவையுங்கள். காலையில் நீர்மட்டத்தைக் கிணற்றுச் சுவரில் குறித்துவிட்டு, போரை மட்டும் ஓட்டி, முதல் ஒரு மணி நேரம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறையும் பிறகு அரை மணிக்கு ஒருமுறையும் டேப்பை விட்டு அளந்து நோட்டில் எழுதுங்கள். ஓட்டும்போது இறங்கி, நிறுத்தியதும் ஏறினால் தொடர்பு உண்டு. அண்ணனையும் பக்கத்தில் நிற்கவைத்தே இதைச் செய்யுங்கள்; தொடர்பு இருக்குமானால் அவர் போரும் உங்கள் கிணற்றோடு சேர்ந்தே வற்றும் என்பதை அந்த நோட்டே அவருக்குச் சொல்லும். முறை வைத்து ஓட்டுவதற்கு ஒப்புக்கொண்டால் எழுதிப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

1000 அடி வேண்டாம். ஆழம் போகப் போக வெடிப்புகள் குறைவதே பொது இயல்பு. அடிக்கணக்கில் கூலி வாங்கும் ரிக் வண்டிக்காரருக்குத்தான் ஆழம் லாபம். நீரோட்டம் பார்ப்பவரின் உள்ளங்கையில் தேங்காய் எழுந்து நிற்பதை நானும் பார்த்திருக்கிறேன். அதே தோட்டத்தில் போர் போட்டபோது புழுதி மட்டும் பறந்ததையும் பார்த்திருக்கிறேன். வேளாண்மைப் பொறியியல் துறையினர் மின்தடை அளவீட்டுக் கருவியால் நீர் இருக்கக்கூடிய இடத்தைப் பார்த்துச் சொல்வார்கள். அவர்கள் குறிக்கும் இடம் உங்கள் பாகத்துக்குள் இருந்தால் மட்டும் மேற்கொண்டு யோசியுங்கள்.

கேள்வி: புது போர் தண்ணீர் தெளிவாக இருக்கிறது. குடிக்கலாமா?
- வாசகி, பாலக்கோடு

பதில்: பரிசோதிக்காமல் குடிக்காதீர்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் பாறையிலிருந்தே ஃபுளோரைடு கரைகிறது; அது கண்ணுக்கோ நாவுக்கோ தெரியாது, காய்ச்சினாலும் போகாது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குழந்தைகளின் பல்லில் கறை படியும். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வுக்கூடத்தில் மாதிரி கொடுங்கள். முடிவு வரும்வரை குடிப்பதற்கும் சமையலுக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரையே பயன்படுத்துங்கள். போர் தண்ணீர் துணி துவைக்கவும் மாட்டுத்தொழுவம் கழுவவும் ஆகும்.