ஒரே இடத்தில் புதைத்தால் ஒரே ரத்தமா?

நண்பரே, இடைக்கால ஐரோப்பியக் கல்லறைகளைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறீர்கள். அருகருகே கிடப்பவர்களை அண்ணன் தம்பி என்று சொல்லிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அப்படி எழுதிவிடாதீர்கள்.

ஜெர்மனியின் நீடர்ஸ்டோட்சிங்கனில் 1962-ல் கண்டெடுத்த, அலமன்னி என்ற ஜெர்மானிய இனக்குழுவின் கல்லறைகளைப் பாருங்கள். 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். 13 பேர், வாளும் கவசமும் குதிரைக் கடிவாளமுமாக. எட்டுப் பேரின் மரபணுவை விரிவாக ஆராய்ந்தபோது ஐவர் நேரடி உறவினர்கள் என்று தெரிந்தது. மற்ற மூவருக்கு எந்த உறவும் தென்படவில்லை. அவர்களில் இருவர் தென் ஐரோப்பிய மரபுக்கு நெருங்கியவர்கள். வந்து சேர்ந்தவர்களையும் வீட்டு மனிதர்களாகவே அடக்கம் செய்திருக்கிறார்கள். இதைப் படித்த அன்று எனக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது.

உடன் வைத்த பொருள்களையும் நம்பி முடிவெடுக்காதீர்கள். உறவினரான அந்த ஐவருடன் இருந்தவையே பிராங்கிய (இன்றைய பிரான்ஸ் பக்கம்), லொம்பார்டிய (வட இத்தாலி), பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசு) மரபுகள் மூன்றையும் சேர்ந்தவை.

மரபணுவால் பாலினம் தெரிந்த 11 பேரும் ஆண்கள். அவர்களின் மரபணுவில் தெரிந்த தந்தைவழி மரபுகள் இரண்டுதான், தாய்வழி மரபுகளோ ஒன்பது! அங்கே புதைக்கப்படாத அன்னையர் அந்த எண்ணில் இருக்கிறார்கள். அதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். உறவில்லாதவர்களும் அங்கே சேர்ந்திருப்பதால், ‘குடும்பம்’ என்ற இடத்தில் ‘வீட்டார்’ என்று போடுங்கள்.